வலி வந்து சேர்வதற்குள்

— வண்டிய நிறுத்தச் சொல்லு சிஸ்டரு! சாக்கு தெக்கற ஒரு கோணூசி குத்துனதுக்கு இன்னாத்துக்கு விழுப்புரம்? திண்டிவனத்துலயே புடுங்கிப் போட்டிருந்தா இந்நேரம் ஊரு போய்ச் சேந்து அவன் கொடல உருவியிருப்பேன், புரியுதா?

— குமரேசன் அண்ணே, ஒருக்களிச்சே படுங்க. மல்லாக்கத் திரும்பாதீங்க. ஊசி முதுகுலயே நிக்குது. அசையாம சுத்திக் கட்டி வெச்சிருக்கேன். அத எடுக்கறது பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்க வேல. நீங்களோ நானோ தொட்டா தண்டுவடம் போயிடும்.

— எனக்கு வலிக்கவே இல்லியே! எறும்பு கடிச்சா மாரி கூட இல்ல. பாஞ்சாலி, வாயத் தொறந்து சொல்லேன்டி. குத்து வாங்கினப்புறமும் அந்தச் சேரன நான் மிதிச்சேனா இல்லியா?

— மிதிச்சீங்க.

— எங்க மிதிச்சேன்?

— மூஞ்சிலங்க.

— கேட்டியா சிஸ்டரு? அப்புறந்தான் இந்த எடது காலு மடங்கிச்சி. இல்லன்னா அவன் களத்த வுட்டு உசுரோட போயிருக்க மாட்டான்.

— வலிக்கலன்னா காயம் சின்னதுன்னு அர்த்தம் இல்லண்ணே. சண்டைல ஒடம்பு சூடேறிப் போயிருக்குது. அந்த நேரத்துல மூளையே தண்டுவடத்துக்குச் சொல்லி அனுப்பும், கீழேர்ந்து வர்ற சேதிய உள்ள வுடாதன்னு. எண்டார்ஃபின்னு ஒண்ணு ஊறும். அபின் மாதிரிதான் அது. காயம் கத்திக்கினுதான் இருக்குது, உங்களுக்குத்தான் கேக்கல. ஓடித் தப்பிச்சிக்கோன்னு ஒடம்பு குடுக்கற டைம் இது.

— ஓடறதுக்கா? நான் ஓடறவன் இல்ல. அடிக்கறவன்.

— அடிக்கறவங்களுக்கும் அதேதான் ஊறும்.

— குத்துனவங்களுக்கும் ஊறுமா சிஸ்டர்?

— யாருக்கு வேணா ஊறும்மா. பயந்தா ஊறும், கோவம் வந்தா ஊறும்.

— ஏய், நீ சும்மா குந்துடி. இவ ஒருத்தி. சிஸ்டரு, அது எவ்ளோ நேரம் தாங்கும்?

— ஆளுக்கு ஆள் மாறும். சதை கிழிஞ்ச எடத்துல உள்ளுக்குள்ள எல்லாம் ஒடஞ்சி கசிஞ்சிக் கெடக்குது. அதுலேர்ந்து பிராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு ஊற ஆரம்பிச்சிருக்கும். அது ஊற ஊற நரம்பு முனையெல்லாம் மொளகாத்தூள் தேச்சா மாதிரி ஆயிடும். அப்ப மூளை சாத்தின கதவு தாங்காது. கூட்டேரிப்பட்டுல வரலாம், விக்கிரவாண்டில வரலாம்.

— அப்ப அதுக்குள்ள எறக்கி வுடு. வலி வர்றதுக்குள்ள அவன் கதைய முடிச்சிட்டு நானே வந்து படுத்துக்கறேன்.

— எறக்கி வுட்டா எப்படி நடப்பீங்க? எடது கால மடக்குங்க பாக்கலாம்.

— மடக்கறேன்.

— மடக்குங்க.

— மடக்கினுதான இருக்கேன்?

— இல்லண்ணே. அப்படியே கெடக்குது. நான் கிள்றது தெரியுதா?

— ஆ! ஏன்மே இப்படிக் கிள்ற?

— சரி, வலது காலு. இத மடக்குங்க. நல்லா மடங்குது. இங்க கிள்றேன், தெரியுதா?

— எங்க கிள்ற?

— ரத்தம் கட்டற அளவுக்குக் கிள்றேன்.

— வெளையாடாத. நீ தொடவே இல்ல.

— அம்மா, நீங்க பாத்தீங்கல்ல?

— பாத்தேன். கிள்ளினாங்க. செவந்து போயிருக்குதுங்க.

— அண்ணே, பதறாம கேளுங்க. அசையச் சொல்ற சேதி தண்டுவடத்துல ஒரு பக்கமா எறங்கும். வலிச் சேதி தண்டுவடத்துல நொழைஞ்சதும் எதிர்ப்பக்கம் தாண்டி மேல ஏறும். ஊசி எடப்பக்கம் தண்டுவடத்தயே தொட்டிருக்குது. அதான் ஒரு காலு அசையல, இன்னொரு காலுல வலி தெரியல. சீக்கிரம் போனா காப்பாத்தலாம். நீங்க துள்ளாம இருந்தா.

— காலு போயிடுமா?

— போவாதுன்னு நம்புவோம். யாரு குத்துனதுன்னு பாத்தீங்களா?

— பின்னாலேர்ந்து குத்துனத எப்படிப் பாக்கறது? வேற யாரு? சேரன்தான். எங்க களத்துல மல்லாட்டை மூட்ட தெக்க வந்தவன். அவன் கைல எப்பவும் கோணூசி இருக்கும். இவகிட்ட நான் பேசிக்கினு இருந்தேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். சோறு லேட்டு. கேட்டா எதிர்த்துப் பேசறா. மோட்டாரு தண்ணி ஓஸ எடுத்து நாலு சாத்து சாத்துனேன். அவன் ஓடியாந்து என் கையப் புடிச்சிட்டான். என் கைய, புரியுதா? எங்க ஊட்டு வாசல்ல செருப்பு போடாம நின்ன குடும்பம் அது.

— கையத்தான புடிச்சாரு?

— 'வேணாம்ணே, செத்துடுவாங்க'ன்றான். எனக்கு அண்ணனாம். கடப்பாரய எடுத்து ஒரே போடு. தோள்பட்ட ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. இன்னொண்ணு தலையில எறக்கலான்னு தூக்கறேன், முதுகுல சுருக்குன்னுச்சி.

— தோள்பட்ட ஒடஞ்சவரு, கீழ வுழுந்து கெடக்கறவரு, எப்படிண்ணே உங்க பின்னால வந்து குத்துவாரு?

— ஏய், நீ சிஸ்டரா, வக்கீலா?

— போன் அடிக்குதுங்க. உங்க தம்பி.

— ஸ்பீக்கர்ல போடு. எனக்குக் கை எட்டல. காதாண்ட புடி.

— அண்ணா! பெரியதம்பி பேசறேன். எப்பிடி இருக்க? இங்க ஏரிக்கரைல நம்மாளுங்க எல்லாம் சேந்துட்டோம். ரெண்டு டிராக்டரு. கேன்ல பெட்ரோல் ரொப்பி வெச்சிருக்குது. சேரன காலனிக்குள்ள தூக்கிக்கினு போய்ப் படுக்க வெச்சிருக்கானுங்க. அந்தத் தெருவையே இல்லாம பண்ணிடலாம்.

— பண்ணுங்கடா! எதுக்குடா கேட்டுக்கினு நிக்கறீங்க?

— விருத்தாசலம் மாமாதான் டிராக்டருக்கு முன்னால நின்னுக்கினு வழி வுட மாட்டேங்கறாரு. அவன்தான் குத்துனான்னு உன் வாயால கேட்டாத்தான் நவுருவாராம். பாதிப் பேரு அவரு பேச்ச கேட்டுக்கினு நிக்கறாங்க. எல்லாரும் கேக்கறா மாரி நீ ஒரு வார்த்த சொல்லு. அண்ணா? அண்ணா, கேக்குதா?

— அவன்தான்டா! டேய்! அவன்தான்! அலோ!

— டவர் போச்சுங்க. கட் ஆயிடுச்சி.

— திரும்பப் போடு. ஜல்தி!

— போவலங்க. கோடே காட்டல.

— அந்தோணிசாமி அண்ணே! கேக்குதா? உங்க போன்லேர்ந்து நூறுக்கு அடிங்க. திருவக்கரை ரோட்டுல, இவங்க ஊரு பேரச் சொல்லுங்க. காலனிய கொளுத்தப் போறாங்கன்னு சொல்லுங்க. தெருவுல கொழந்தைங்க இருக்குது, வயசானவங்க இருக்காங்க. எங்கம்மா இருக்காங்கன்னு சொல்லுங்க!

— அடிக்கறேன் ஜெசிந்தா. ஓட்டிக்கினே அடிக்கறேன், இரு.

— இன்னா சொன்ன? உங்கம்மாவா?

— ஆமாண்ணே. ஜெயம் எங்கம்மா. பால்வாடில ஆயாவா இருக்காங்க. உங்க பொண்ணுக்கும் அவங்கதான் சோறு ஊட்டுனாங்க.

— எந்த ஊருன்னு ஏறும்போது கேட்டதுக்குத் திண்டிவனம்ன!

— இப்ப அங்கதான் குடியிருக்கேன்.

— அதான பாத்தேன். அதான் என் காலு செத்துப் போச்சி! நீ இன்னாவோ பண்ணிட்ட! உங்காளுக்காக என் காலுக்கு இன்னாடி பண்ண? சொல்லு!

— தலமுடிய வுடுங்கண்ணே! வுடுங்க! ஊசி ஆடுது! நீங்க இழுக்க இழுக்க உங்க முதுகுலதான் உள்ள எறங்குது!

— ஏங்க, வுடுங்க! அந்தப் பொண்ண வுடுங்க! அய்யோ!

— இன்னாமே, என் கையவா கடிக்கற? நீயும் என் கையத் தொடறியா?

— அம்மா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. என் பின்னால குந்துங்க. ஒண்ணும் ஆவல. நாலு முடி போச்சு, அவ்ளோதான். ஐயோ, என்னம்மா? தோள்மேல லேசாத்தான கை வெச்சேன்? ஏன் இப்படித் துடிக்கறீங்க?

— ஒண்ணுமில்ல சிஸ்டர். அங்க... அங்க தொடாதீங்க.

— நடிப்பு! பொடவ பட்டா வலிக்குதும்பா, காத்தடிச்சா வலிக்குதும்பா. எக்ஸ்ரே எடுத்தாச்சி, ஸ்கேன் எடுத்தாச்சி. ஒண்ணும் இல்லன்னுதான் எல்லா டாக்டரும் சொன்னான். வேல செய்யாம இருக்க நடிக்கறா.

— ஓஸால இதே எடத்துலயா அடிப்பாரு?

— எதிர்ல எது மாட்டுதோ அதால. எடம் மட்டும் மாறாது.

— எத்தன வருசமா?

— பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து. அவ இப்ப மெட்ராஸுல காலேஜு படிக்கறா.

— அம்மா, நான் சொல்றத கேளுங்க. இது நடிப்பு இல்ல. ஒரே எடத்துலேர்ந்து திரும்பத் திரும்ப வலிச் சேதி போனா தண்டுவடம் அதுக்குப் பழகிடாது, இன்னும் உஷாராயிடும். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி குடுக்க ஒரு ரசாயனத்தக் கக்கும். அது தெனம் தெனம் கக்கிக் கக்கி, வாங்கற நரம்பு லேசாத் தட்டுனாலே அலற ஆரம்பிச்சிடும். அப்புறம் அடி நின்னாலும் அது நிக்காது. பொடவத் துணி பட்டாலும் ஓஸ் அடின்னே மேல சொல்லும். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். இது தெரியாது.

— அப்ப நான் பொய் சொல்லலியா?

— இல்லம்மா.

— எங்கம்மாகூட நடிக்கறன்னுதான் சொல்லுச்சி.

— நீங்க நடிக்கல. அது நெசமான வலி. என்ன, கை ஏன் இப்படி மூடி வெச்சிருக்கீங்க? ரத்தம் வருது. தொறங்க.

— மல்லாட்டைச் செடி கிழிச்சிது.

— செடி கிழிச்சா கீறலா இருக்கும். இது உள்ளங்கைல ஓட்டையா இருக்குது. கோணூசிக்குப் பின்பக்கம் காது இருக்குமே, அத வெச்சி அழுத்துனா...

— இப்பத்தான் சிஸ்டர் வலிக்கவே ஆரம்பிக்குது.

— சரி. சரிம்மா. இந்தப் பஞ்ச வெச்சி மூடிக்கோங்க. நான் எதுவும் கேக்கல.

— அங்க இன்னா குசுகுசுன்னு? ஏய்... ஏய், இன்னாது இது? முதுகுல... யம்மா! யம்மாடி! தீய வெச்சா மாரி... சிஸ்டரு! யம்மா சிஸ்டரு!

— வந்துடுச்சி. அண்ணே, மூச்சு இழுத்து வுடுங்க. துள்ளாதீங்க. பல்லக் கடிச்சிக்கினு என் கையப் புடிச்சிக்கோங்க.

— ஊசி போடு! வலி ஊசி போடு! செத்துருவேன்!

— டாக்டர்கிட்ட ஏற்கனவே கேட்டு வெச்சிட்டேன். போடச் சொல்லியிருக்காங்க. இதோ ஒடைக்கறேன்.

— சிஸ்டர், ஒரு நிமிசம். இந்தப் பக்கம் வாங்களேன்.

— சொல்லுங்க.

— இப்பப் போடாதீங்க. உங்க கால்ல வுழறேன். வலிச்சிக்கினே இருந்தா இவரால பேச முடியாது. டவர் வந்தா தம்பி மறுபடி அடிப்பான். இவரு வாயால அந்த வார்த்த வந்துச்சின்னா அந்தத் தெரு அவ்ளோதான். உங்கம்மா அங்க இருக்காங்கல்ல?

— இருக்காங்க.

— அப்ப வலிக்கட்டுமே. எனக்கு இத்தினி வருசம் வலிச்சிது. இவருக்கு ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் வலிக்கட்டும்.

— எனக்கும் தோணுதும்மா. பொய் சொல்ல மாட்டேன். இந்த மருந்த அப்படியே கீழ கொட்டிட்டு, தீந்துடுச்சின்னு சொன்னா யாருக்கும் தெரியாது. கை அதுக்குத்தான் பரபரங்குது. ஆனா வலிய வெச்சி ஒருத்தர மடக்கறதுன்னா, அவரு கைல இருந்த ஓஸுக்கும் என் கைல இருக்கற இதுக்கும் என்ன வித்தியாசம்? நகருங்கம்மா.

— சிஸ்டரு, எங்க போய்த் தொலஞ்ச! எரியுதே! எரியுதே!

— இங்கதான் இருக்கேன். கைய நீட்டுங்க. மெதுவாத்தான் ஏத்தணும். இது நேராத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போய், உங்க ஒடம்பே சாத்தி வெச்சிருந்திச்சே அதே கதவ மறுபடி சாத்தும். கொஞ்ச நேரம் பொறுங்க.

— உன் தெருவ... கொளுத்தச் சொன்னவன் நான். எனக்கு ஏன் போடற?

— நீங்க என் வண்டில படுத்திருக்கீங்க.

— ஜெசிந்தா! போலீஸுக்குச் சொல்லிட்டேன். ஜீப்பு கெளம்பிடுச்சாம். ஆனா ரொம்ப தூரத்துலேர்ந்து வருதாம். தோ, விக்கிரவாண்டி டோல்கேட்டு வந்துட்டோம்.

— சரிண்ணே, வெரட்டுங்க. குமரேசன் அண்ணே, இப்ப எப்படி இருக்குது?

— எரியுது... ஆனா தூரத்துல எரியறா மாரி இருக்குது. பாஞ்சாலி, டவர் வந்துச்சா?

— வந்துடுச்சிங்க.

— தம்பிக்குப் போடு.

— அவனே அடிக்கறான்.

— ஸ்பீக்கர்ல போட்டு என் வாயாண்ட புடி. ஏய், இன்னாடி எழுந்து அங்க போற? இங்க கொண்டா!

— அண்ணா! எல்லாரும் இருக்கோம். நம்ம பக்கமும் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். மாமா பக்கத்துலதான் நிக்கறாரு. சொல்லு, சேரன்தான?

— தம்பி, நான் அண்ணி பேசறேன்.

— அண்ணி, போன அண்ணன்கிட்ட குடுங்க.

— சேரன் குத்தல. நான் குத்துனேன்.

— இன்னாது?

— உங்கண்ணன் என்ன ஓஸால அடிச்சிக்கினு இருந்தாரு. அந்தாளு வந்து தடுத்தான். அவன் தோள ஒடச்சிட்டு, தலையில கடப்பாரைய எறக்கப் போனாரு. நான் மூட்ட தெச்சிக்கினு இருந்த கோணூசி கைலதான் இருந்திச்சி. குத்திட்டேன். கேஸ் குடுக்கணும்னா என்மேல குடுங்க. கொளுத்தணும்னா என்னக் கொளுத்துங்க. அந்தத் தெருவுக்குப் போவாதீங்க.

— அண்ணி, யாரக் காப்பாத்த இந்தப் பொய்? உங்களுக்கும் அவனுக்கும் இன்னா? ஒரு பொம்பள, புருசன குத்துவாளா? மாமா, இத நம்பாதீங்க! அண்ணா, நீ சொல்லு! அண்ணா!

— கட் பண்ணுடி போன! அவகிட்டேர்ந்து புடுங்கு சிஸ்டரு! கட் பண்ணு!

— அண்ணே, எழுந்திருக்காதீங்க. அம்மா, நீங்க கதவாண்டயே குந்துங்க. கிட்ட வராதீங்க.

— அப்பாடா, சத்தம் நின்னுச்சி. கட் பண்ணிட்டியா? ம்? பாஞ்சாலி, இன்னா தைரியம்டி உனக்கு. ஊரு முன்னால சொல்ற.

— உண்மையத்தான சொன்னேன்.

— உண்மையா? எனக்கே சொல்லித் தர்றியா? நீதான்னு எனக்குக் குத்தும்போதே தெரியும்டி. சேரன் என் காலாண்ட கெடந்தான். களத்துல வேற யாரு இருந்தது? உன் மூச்சு என் பெடரில பட்டுது. இத்தினி வருசம் பக்கத்துல படுத்தவ மூச்சு எனக்குத் தெரியாதா?

— அண்ணே... தெரிஞ்சிக்கினா கொளுத்தச் சொன்னீங்க?

— பின்ன? பொண்டாட்டி குத்தி ஒரு காலு போச்சின்னு நொண்டிக்கினு ஊருக்குள்ள நடக்கச் சொல்றியா? டீக்கடையில சிரிப்பானுங்க. சேரன் குத்துனான்னா அது பக, சண்ட, ஆம்பள சமாச்சாரம். அந்தத் தெரு எரியட்டும். எரிஞ்சி முடிச்சப்புறம் யாரு கேக்கப் போறான்? உன்ன நான் ஊட்டுக்கு வந்து பாத்துக்கறேன், புரியுதா? இப்ப போனப் போட்டு என் வாயாண்ட வை. சேரன்தான்னு சொல்லிடறேன்.

— போட வேணாங்க. சத்தத்தத்தான் கொறச்சேன், கட் பண்ணவே இல்ல. விருத்தாசலம் மாமா கேட்டுக்கினுதான் இருக்காரு, எல்லாருந்தான்.